மாரித்தின் மகளும் உன் தம்பியும்

நேற்று ஆர்னே வந்து ஒரு ஜாம் போத்தலை என் கையில் தந்துவிட்டுப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்ததாம், டகோட்டாப் பக்கத்துக் காட்டுப் பிளம்ஸ் பழத்தில் காய்ச்சியது. உன் மனுசனுக்குச் சீனி வருத்தம் இருப்பது உனக்குத் தெரியும். வீட்டில் வைத்திருந்தால் கரண்டி போடாமல் இருக்க மாட்டார், அதனால்தான் எனக்கு வந்தது. மூடியைத் திறந்தேன். புளிப்பும் இனிப்புமாய் ஒரு வாசம், அதற்கு அடியில் இருமல் மருந்து போல இன்னொன்று. பாணில் பூசி ஒரு கடி கடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாரித் தன் மண் வீட்டுக்குப் பின்னால் வளர்த்த பற்றையின் வழியில் வந்த பழம் என்று ஆர்னே சொல்லியிருந்தார், அந்தப் பெயரைக் கேட்ட பிறகு விழுங்க முடியவில்லை.

அந்த மாரித்தால் நீயும் நானும் பட்ட பாடு கொஞ்சமா? நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு நோர்வேக்காரி. நமக்கு மாமியா மச்சாளா? அவளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சாகும் காலத்தில்கூட நீ இறக்கி வைக்கவில்லை. எனக்கு அவள்மேல் இன்னும் கோபம்தான். உன்மேலும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆர்னேயின் குடும்பத்தில் மாரித்தை அறியாதவர் இல்லை. மலைப் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையில் வேலைக்கு நின்ற பெட்டை, ஒரு வசந்த காலத்தில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனாள். மரமே இல்லாத புல்வெளியில் மண்கட்டி அடுக்கி வீடு கட்டினாள். வெட்டுக்கிளி வந்து விளைச்சலைத் தின்றது. பனிப்புயலில் மாட்டைத் தேடிப்போன புருசன் திரும்பி வரவில்லை. அவள் தனியாக நின்று காணியையும் பார்த்து, சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்குப் பிள்ளைப்பேறும் பார்த்தாளாம். அங்கே தேவாலய மண்டபத்தில் அவளுடைய படம் தொங்குகிறதாம். ஒருமுறை நீ இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, “அந்தக் காணியிலை முன்னம் இருந்த சனத்தை எங்கை துரத்தினதெண்டு ஒருத்தரும் கதைக்கினமில்லை, பாத்தியே” என்றாய். இடம்பெயர்ந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும்.

ஊரில் வீடு எரிந்தபோது உன்னுடைய படங்களும் எரிந்தன. காட்டுவதற்குத் தாய் தகப்பனின் படம் ஒன்றுகூட இல்லாதவள், புகுந்த வீட்டாரின் தலைமுறைகளைக் கோக்கத் தொடங்கினாய். நோர்வேக்காரருக்கு வம்சம் தேடுவது ஒரு பொழுதுபோக்கு, நமக்குக் கோயில் திருவிழா மாதிரி. ஆனால் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் பொறுமை இல்லை. “எங்கடை தமிழிச்சி செய்வாள்” என்று உன் மாமியார் சொன்னாராம். நீ பூரித்துப் போனாய். மருமகளை ஏற்றுக்கொண்டதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் உனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த மாமியார்தான் ஒருநாள் உருளைக்கிழங்கு ரொட்டி தட்டிக்கொண்டே அதையும் சொன்னார். அதுவரை நமக்குத் தெரிந்த கதைப்படி, மாரித் விட்டுப்போன வீட்டில் அன்னா என்று ஒரு சின்னத் தங்கச்சி இருந்தாள், அந்த அன்னாதான் ஆர்னேக்குப் பூட்டி. அமெரிக்காவில் உள்ளவர்களுக்கும் அப்படித்தான் தெரியும். அன்றைக்கு நீ எனக்குத் தொலைபேசி எடுத்தாய். நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.

“அன்னா தங்கச்சி இல்லையாமடி. மகளாம்” என்றாய்.

நான் அடுப்பை நிறுத்தினேன். கலியாணம் செய்யாமல் பெற்ற பிள்ளையை மூன்று வயதில் தாயிடம் விட்டுவிட்டு மாரித் கப்பலேறியிருக்கிறாள். தாய் அதைத் தன் கடைசிப் பிள்ளை என்று சொல்லி வளர்த்திருக்கிறாள். நீ வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ ஏன் பேசவில்லை என்று இந்த நாட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரியவந்தது நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில். மீன் தொழிற்சாலையில், கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற கண்ணாடி மேசையில், மீன் துண்டுகளில் புழு பொறுக்குகிற வேலை நம் இருவருக்கும். சூரியன் தலைகாட்டாத மாதங்களில் அந்த மேசைதான் நமக்கு வெளிச்சம். ஊரிலிருந்து உனக்கு ஒரு கசெற் வந்திருந்தது. கடிதம் எழுதத் தெரியாத உன் அம்மா பேசி அனுப்பியது. அறையில் அதைப் போட்டாய். அம்மாவின் குரலுக்குப் பிறகு ஒரு சின்னக் குரல் வந்தது. “அக்கா, எப்ப வருவியள்? எனக்குச் சைக்கிள் வேணும்.” நான் சிரித்தேன். உன் தம்பி கெட்டிக்காரன் என்றேன். நீ கசெற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். “எடி, நிமல் என்ரை தம்பியில்லை. நான் பெத்தவன்” என்றாய்.

கோயிலில் தாலி கட்டுவதாகச் சொன்னவன் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, பிறகு வரவேயில்லை. நீ பிள்ளைத்தாச்சி. அந்த நேரம் பார்த்து ஊரே இடம்பெயர்ந்தது. புது இடத்தில் உங்களை யாருக்கும் தெரியாது. உன் அம்மா துணிந்து, பிறந்தது தன் பிள்ளை என்றார். அந்த ஒரு பொய்யில் உனக்கு மானமும் கிடைத்தது, மகனும் போனான். சத்தியம் வாங்கவில்லை நீ, வாங்காமலே நான் காப்பாற்றினேன். அம்மா செத்த பிறகு, பதின்மூன்று வயதில் அவனை ஒஸ்லோவுக்கு எடுப்பித்தாய், அப்போதும் தம்பி என்றுதான். ஆர்னேக்குக்கூட நீ சொல்லவில்லை. முதலில் சொல்லாதது பிறகு சொல்ல முடியாததாகப் போயிற்று.

நிமலுக்குக் கலியாணமாகி, மகள் பிறந்தாள். அந்தக் குழந்தை பேசத் தொடங்கியதும் உன்னை மாமி என்றது. தகப்பனின் தமக்கை மாமிதானே. நீ பெற்றவனின் பிள்ளை உன்னை மாமி என்று கூப்பிட, நீ அதற்குக் காய் வெட்டிக் கொடுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தாய். அப்பம்மா என்று கூப்பிட வேண்டிய வாய் அது. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

பிறகு உனக்கு அந்த வருத்தம் வந்தது. மருத்துவர் அதிக காலம் இல்லை என்று சொன்ன அதே பனிக்காலத்தில்தான் அமெரிக்காவிலிருந்து மாரித்தின் பூட்டப்பிள்ளை, ஒரு கிழவர், மகளோடு வருவதாகச் சொன்னார். குடும்பம் முழுவதும் ஒன்றுகூடுவது, நீ தேடிக் கோத்ததை வாசிப்பது என்று முடிவாயிற்று. நீ அன்னாவை மகள் என்றே வாசிக்கப் போவதாக அறிவித்தாய். அங்கே தொடங்கியது சண்டை.

உன் மச்சாள் இங்கெர், ஆர்னேயின் தமக்கை, கெட்டவள் இல்லை. நியாயம் பேசுகிறவள், அதனால்தான் தாங்க முடியாது. அன்னா கடைசிவரை தங்கச்சி என்றே வாழ்ந்து, தங்கச்சி என்றே செத்தாள், அவள் திறக்காத கதவைத் திறக்க நாம் யார் என்று கேட்டாள். எண்பது வயதுக் கிழவர் கடல் தாண்டி வருவது தன் பூட்டியைக் கும்பிட, அவருக்கு முன்னால் அவளைப் பிள்ளையை விட்டுப்போனவளாக நிறுத்தவா என்றாள். ஆர்னே இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு கோப்பி ஊற்றினார். நீ ஒரே ஒரு பதில்தான் சொன்னாய், மாரித் பிள்ளையை விட்டது உண்மை, அந்தப் பிள்ளை இருந்ததும் உண்மை, இருந்த பிள்ளையை இல்லையென்று சொல்ல உனக்கு வாய் வராது என்று.

ஒன்றுகூடலன்று மண்டபத்துச் சமையலறையில் நீ மாத்திரை போட்டுக்கொண்டபோது நான் தண்ணீர் நீட்டினேன். வெளியே நிமல் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். உன் தலைமுடி கொட்டியதை மறைக்க நீலச் சால்வை கட்டியிருந்தாய்.

“இண்டைக்கு வாசிச்சு முடிச்ச கையோடை அவனுக்குச் சொல்லிப்போடுவன்” என்றாய். “அவன் ஒருக்கா நிமிந்து என்ரை முகத்தைப் பாத்தாப் போதும்.”

உன் தோளைப் பிடித்துத் திருப்பி வாசல் பக்கம் தள்ளிவிட்டேன், அதுதான் என்னால் முடிந்த ஆசீர்வாதம்.

நீ ஒவ்வொரு பகுதியையும் முதலில் நோர்வேஜிய மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் வாசித்தாய். மண் வீடு, வெட்டுக்கிளி, பனிப்புயல் எல்லாம் வந்தன. கிழவர் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்னாவின் இடம் வந்தது. நோர்வேஜிய மொழியில் வாசித்து முடித்தாய். எங்கள் பக்கத்து மேசைகளில் கோப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன. இங்கெர் கண்ணை மூடினாள். அந்த மொழி தெரியாத கிழவரும் மகளும் மட்டும் தங்கள் முறை வருமென்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். அந்த இடைவெளி என்னைக் கொன்றது. நீ ஒரு மிடறு தண்ணீர் குடித்தாய், பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினாய். மாரித் தன் மூன்று வயது மகளைத் தாயிடம் விட்டுப் போனாள், அந்த மகளுக்கு அவள் மாரித்தின் தங்கச்சி என்றே சொல்லப்பட்டது, மாரித் திரும்பி வரவில்லை.

கிழவரின் சிரிப்பு மெதுவாகப் போயிற்று. மகள் அவருடைய கையைப் பிடித்தாள். அவர் மேசைவிரிப்பைக் கையால் நீவிக்கொண்டு, தன் அப்பம்மாவின் பெயரும் அன்னாதான் என்றார். அமெரிக்காவில் மாரித் பெற்ற முதல் பெண்பிள்ளை. ஊரில் விட்டுவந்த தங்கச்சியின் நினைவாக வைத்த பெயர் என்று எல்லோரும் நம்பியிருந்தார்களாம். நோர்வேக்காரர் செத்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்பார்கள், உயிரோடிருக்கிற ஒருத்தியின் பெயரை ஏன் வைத்தாள் என்று சின்ன வயதில் தான் கேட்டதாகவும், யாரும் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு இங்கெர் பக்கம் திரும்பி, இங்கிருந்த அன்னாவுக்கு உண்மை தெரியுமா என்று கேட்டார்.

இங்கெர்தான் பதில் சொன்னாள். தெரியும் என்றாள். யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, ஆனால் தெரியும்.

நீ நிமலைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். அவன் குனிந்து மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நாடா அவிழ்ந்திருக்கவே இல்லை. அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். தலை நிமிரவேயில்லை. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

நீ கடதாசிகளை அப்படியே விட்டுவிட்டு அவன் பின்னால் போனாய். நான் உன் பின்னால் வந்தேன். மேலங்கிகள் தொங்குகிற இடத்தில் அவன் பிள்ளைக்குக் குளிருடுப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நீ அவனுடைய பெயரைச் சொன்னாய். பெயரை மட்டும்தான். அவன் பிள்ளையின் உடுப்புச் சிப்பை மேலே இழுத்தான்.

“போயிட்டு வாறன், அக்கா” என்றான்.

அந்த ‘அக்கா’வை அவன் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாய். “ஓம். பாத்துப் போ, வழுக்கும்” என்றாய். கதவு திறந்து குளிர் வந்தது, மூடியது. அவ்வளவுதான். அமெரிக்காவில் செத்துப்போன ஒருத்திக்காகச் சபை முன்னால் நின்ற உனக்கு, உனக்காக ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு நீ வீட்டில் இருந்ததைவிட மருத்துவமனையில் இருந்தது கூட. நிமல் வேலை முடிய ஒவ்வொரு நாளும் வந்தான். உன் கால்களைப் பிடித்துவிட்டான், சூப் பருக்கினான், மழை பனி பற்றிப் பேசினான். கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் நடுவில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் பொறுக்க மாட்டாமல் உன்னைத் திட்டினேன். வாய் இருக்கிறதா, இல்லையா, இதைச் சுடலைக்குக் கொண்டுபோகப் போகிறாயா என்று கேட்டேன். வருத்தக்காரியைத் திட்டியதற்கு நான் வருந்தவில்லை, இன்றைக்கும் திட்டுவேன்.

“கேட்டாச் சொல்லுவன்” என்றாய். “அண்டைக்கு அக்கா எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டான். கேக்காத பிள்ளைக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?”

தாயும் மகனும் ஒரே பிடிவாதம். பார்த்தவருக்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? இரண்டு பேரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தீர்கள். நீ காத்திருந்தபடியே போய்விட்டாய்.

உன்னை எரிக்கிற நாளில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். ஆர்னேக்கும் உனக்கும் பிள்ளை இல்லை, அதனால் கிரியையைத் தம்பி செய்வதென்று தீர்மானித்திருந்தார்கள். செய்யப்போகிறவன் மகன்தான், ஆனால் தம்பி முறை சொல்லிச் செய்யப்போகிறான். பெற்ற பிள்ளை இருந்தும் பிள்ளையற்றவளாக நீ போகப் போகிறாய். நான் எழும்பி ஐயரிடம் போய்க் காதோடு சொல்வதா? நீ சொல்லாததை நான் சொல்வதா? சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இரத்தம் நின்றுவிட்டது. கடைசியில் எழும்பினேன். சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகும்போது ஐயர் தர்ப்பையைக் கையில் எடுத்துவிட்டார்.

“தமக்கைதானே?” என்று கேட்டார். “தம்பி முறையிலை செய்யிறம், என்ன?”

நிமல் வேட்டியோடு, வெறும் மேலோடு, உன் தலைமாட்டில் நின்றான். “இல்லை ஐயா” என்றான். “அம்மா. மகன் எண்டு சொல்லிச் செய்யுங்கோ.”

உரத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பின்வரிசைவரை தலைகள் திரும்பின. ஐயர் ஒரு கணம் அவனைப் பார்த்தார், பிறகு மந்திரத்தைத் தொடங்கினார். ஆர்னேக்கு இத்தனை வருடத்தில் அம்மா என்ற சொல் தெரியாதா? எழும்பிப் போய் நிமலின் பக்கத்தில் நின்றார். நான் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டேன். இங்கெர் என் கையைப் பிடித்து இழுத்து, அவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். சொன்னேன். அத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, நான் அதை முதன்முதல் உரக்கச் சொன்னது உன் மச்சாளிடம், அதுவும் நோர்வேஜிய மொழியில். அவள் என் கையை விடாமல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை ஒரு கிழமைக்கு முன்னால் சொல்லியிருந்தால் உன் காதில் விழுந்திருக்குமே என்ற ஆத்திரம்.

முப்பத்தோராம் நாள் அவன் வீட்டில் படையல். நான் குசினியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். நிமல் வந்து கதவைச் சாத்தினான். அவன் கண்ணில் நித்திரை இல்லாதது தெரிந்தது. நான் அரைப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவன் பேசாமல் போய்விடுவான் என்று நினைத்தேன்.

“அன்ரி, அண்டைக்கு வாசிச்சு முடிய அவ என்னைத்தான் பாத்தவ. எனக்கு விளங்கினது. ஆனா அவ்வளவு சனத்துக்கை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் பிள்ளையின்ரை சப்பாத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன். பேந்து கோவத்திலை அக்கா எண்டு சொல்லிப்போட்டன்.” அவன் மேசையில் கிடந்த வாழையிலைகளை அடுக்கினான். “நான் நிமிந்து பாத்திருந்தா, அம்மா சொல்லியிருப்பாவோ?”

அன்றைக்கு மண்டபத்துச் சமையலறையில் நீ சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். இனி வாழப்போகிற அத்தனை வருடத்துக்கும் அவனுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

“இல்லை தம்பி” என்றேன். “அவ சொல்லியிருக்க மாட்டா. அவவுக்குத் துணிவில்லை.”

அவன் தோள் இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாழையிலைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நோயோடு எழும்பி, ஒரு குடும்பத்தையே எதிர்த்து, அத்தனை பேர் முன்னால் நின்று வாசித்தவள் நீ. உன்னை உன் பிள்ளையிடம் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டேன். அவன் அதை நம்பிவிட்டான், இப்போது நித்திரையும் கொள்கிறானாம். நீ கோபித்தால் கோபித்துக்கொள். இனி ஒருநாளும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.